மரப்பாவை மனிதனான பின்

மூக்கு நீளும் மரப்பாவை என்றால் எம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. பினோக்கியோ இத்தாலி நாட்டிற் பிறந்து, மொழி பல கடந்து, எம் வகுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டான். அவன் பொய் சொன்னதும் மூக்கு வளர்ந்ததும் எல்லாரும் அறிந்தவை. அவன் கதை முடிந்த விதம் அறிந்தவர் சிலரே. அச்சிலருக்குள்ளும் அதைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. பாவையாய் இருந்தபோது ஊரூராய் ஓடி, கள்வரிடம் அகப்பட்டு, கடலிற் குதித்து, கழுதையாய் மாறி, சுறாவின் வயிற்றுக்குள்ளும் புகுந்து மீண்ட பிள்ளை, உண்மைச் சிறுவனாகி வளரத் தொடங்கிய பின்னும் அதே துணிகரம் உடையவனாய் இருப்பானா? அல்லது நல்ல பிள்ளை என்ற பெயரை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் அடங்கிவிடுவானா?

சிறுபிள்ளைக் கேள்வி என்று இதனை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆசிரியத் தொழில் செய்வோர் யாவரும் நாள்தோறும் இக்கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கின்றோம். வாயாற் சொல்லாவிடினும் செய்கையாற் சொல்லுகின்றோம்.

கதையை எழுதியவர் கார்லோ லொரென்சினி. 1826 ஆம் ஆண்டு புளோரன்சு நகரிற் பிறந்தவர். தாயாருடைய ஊரின் பெயரையே புனைபெயராக்கிக் கொலோடி என்று கையொப்பமிட்டார். 1848 இலும் 1859 இலும் நடந்த விடுதலைப் போர்களில் தாமாகவே படையிற் சேர்ந்தவர். அங்கதப் பத்திரிகை நடத்தியவர். நடுவயது கடந்த பின்னரே சிறுவர் இலக்கியத்தின் பக்கம் திரும்பினார். இத்தாலியிற் கட்டாயக் கல்விச் சட்டம் 1877 இல் வந்தது. அதே ஆண்டில் அவருடைய 'ஜன்னெத்தீனோ' என்ற வாசிப்புப் புத்தகம் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'மினுத்சோலோ'. போர் கண்டவர், நையாண்டி எழுதியவர், பாடப்புத்தகம் செய்தவர் என்னும் மூவரும் ஒருவராய் இருந்தே பினோக்கியோவைப் படைத்தனர். கதையில் ஓரிடத்திற் பள்ளிச் சிறுவர் சண்டையிட்டுப் புத்தகங்களை ஒருவர்மேல் ஒருவர் வீசுகின்றனர். குறி தவறிக் கடலில் விழுந்த அப்புத்தகங்களுள் ஜன்னெத்தீனோவும் மினுத்சோலோவும் இருக்கின்றன. மீன்கள் ஓடிவந்து கடித்துப் பார்த்து, இது நமக்கு ஆகாத உணவு என்று துப்பிவிடுகின்றன! தாம் எழுதிய பாடநூலை மீனுக்கு எறிந்து, மீனும் வேண்டாமென்றது என எழுதத் துணிந்த நூலாசிரியர் எத்தனை பேர் உளர்? இவர் பிள்ளைகளை அடக்குவதற்காகவே கதை எழுதினார் என்பாரை நான் நம்புவதில்லை.

கதையின் முடிவு பற்றிய வழக்கு, உண்மையில், கதை முடியுமுன்னரே தொடங்கிவிட்டது. உரோமாபுரியில் வெளிவந்த சிறுவர் வார இதழொன்றில் 1881 ஆம் ஆண்டு யூலை மாதம் தொடராக இது ஆரம்பமாயிற்று. ஒக்டோபரிற் பதினைந்தாம் அத்தியாயத்தோடு ஆசிரியர் கதையை முடித்தார். எப்படி முடித்தார்? கள்வர் இருவர் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்திலே தூக்கிலிட்டனர். பாவை விறைத்துப் போயிற்று. கதையும் அவ்வளவே. வாசித்த பிள்ளைகள் பொறுக்கவில்லை. 1882 பெப்ரவரியில் நீலக் கூந்தல் தேவதை ஒருத்தி வந்து, தூங்கிய பாவையை இறக்கி உயிர் மீட்க, கதை மீண்டும் நடந்தது. 1883 சனவரியில் முப்பத்தாறாம் அத்தியாயத்தில் அவன் சிறுவனானான். அவ்வாண்டிலேயே நூலாகவும் வந்தது. ஆகவே பினோக்கியோவுக்கு முடிவுகள் இரண்டு. ஒன்றில் அவன் பாவையாகவே சாகின்றான். மற்றொன்றில் மனிதனாகி வாழ்கின்றான். இரண்டாம் முடிவும் ஒருவகைச் சாவே என்று சொல்லுவோர் இருக்கின்றனர்.

அவர்கள் காட்டும் சான்று நூலின் கடைசிப் பக்கம். சிறுவனாகிக் கண் விழித்த பினோக்கியோ தந்தை ஜெப்பெத்தோவிடம், பழைய மரப் பினோக்கியோ எங்கே என்று கேட்கிறான். கிழவர் சுட்டிக் காட்டுகின்றார். பெரிய மரப்பாவை ஒன்று நாற்காலியிற் சாய்ந்து கிடக்கிறது. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, கைகள் தொங்குகின்றன, கால்கள் பின்னி மடிந்திருக்கின்றன. சிறுவன் அதைப் பார்த்து, பாவையாய் இருந்தபோது நான் எவ்வளவு வேடிக்கையாய் இருந்திருக்கிறேன் என்றும், இன்று நல்ல பிள்ளையானது எவ்வளவு மகிழ்ச்சி என்றும் தனக்குள் எண்ணுகின்றான். இவ்வளவுதான் நூல்.

இந்தப் பக்கம் பலரை வருத்தியிருக்கின்றது. கொலோடி 1890 இல் இறந்தபின் வேறு எழுத்தாளர் கதையைத் தொடர முற்பட்டனர். அவர்கள் செய்ததைக் கவனித்தல் வேண்டும். ஜெம்மா மொஞ்சார்தீனி ரெம்பாதி என்ற பெண்மணி 1894 இல் எழுதியது, ஊர் அறியாத ஒரு கடற் பயணம். பினோக்கியோ பாவையாய் இருந்த காலத்துக்கே அவர் மீண்டு போனார். எயுஜேனியோ கெருபீனி 1903 இல் அவனை ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்; அங்கே போனதும் மரப்பாவையே. உருசிய எழுத்தாளர் அலெக்சி தோல்ஸ்தோய் ('போரும் அமைதியும்' எழுதியவர் வேறு) 1936 இற் 'பொற்சாவி' என்ற நூலிலே அவனுக்குப் புராத்தீனோ என்று பெயர் மாற்றினார். புராத்தீனோ சிறுவனாவதே இல்லை. பொய்யுக்காக மூக்கு வளர்வதும் இல்லை. சித்திரத் திரைக்குப் பின்னாலிருந்த கதவைப் பொற்சாவியாலே திறந்து, தோழரோடு தமக்கெனப் புதிய பாவைக்கூத்து அரங்கு ஒன்றை அடைகிறான். 2022 இல் வந்த கில்லர்மோ டெல் டோரோவின் திரைப்படத்திலும் பினோக்கியோ மரமாகவே நின்றுவிடுகின்றான். தந்தையும் தோழரும் முதிர்ந்து இறந்தபின், தனியனாய் உலகைக் காணப் புறப்படுகின்றான்.

வளர்ந்த பினோக்கியோவை நேரே எடுத்துக்கொண்ட துணிவு அமெரிக்க எழுத்தாளர் ரொபர்ட் கூவருக்கே உரியது. 1991 இல் வெளிவந்த அவருடைய நாவலில் பினோக்கியோ புகழ்பெற்ற முதுபேராசிரியன். தள்ளாத வயதில் வெனிஸ் நகருக்குத் திரும்புகின்றான்; அங்கே அவன் உடல் உறுப்புறுப்பாய் மறுபடியும் மரமாகின்றது. மாணவர் கையிற் கொடுக்கத் தகாத நூல். ஆயினும் கற்பனை கூர்மையானது. கல்வி மிகுந்து, பட்டம் மிகுந்து, கடைசியில் மரத்துப் போதல்! எம்போன்றோர் சற்று நெளிந்துதான் வாசிக்க வேண்டியிருக்கும்.

ஆக, தொடர்ந்து எழுதியோரிற் பலர் சிறுவனை விட்டுப் பாவையையே தேடிப் போயினர். துணிகரம் பாவைக்கு உரியது, அடக்கம் மனிதனுக்கு உரியது என்று அவர்கள் பிரித்துக்கொண்டனர் போலும். நான் ஐயுறுவது இந்தப் பிரிவினையைத்தான்.

பாவையின் சாகசங்கள் என்று நாம் கொண்டாடுபவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துப் பாருங்கள். தந்தை மேலங்கியை விற்று அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தார். கூத்து மேளம் கேட்டதும் பிள்ளை அரிச்சுவடியை விற்றுவிட்டான். நரியும் பூனையும், பொற்காசை மண்ணில் நட்டால் மரமாய்க் காய்க்கும் என்றன; நட்டான். காசைக் களவு கொடுத்தேன் என்று முறையிடப் போனால், நீதிபதியாய் இருந்த குரங்கு களவு கொடுத்தவனையே சிறைக்கு அனுப்பிற்று. விளக்குத்திரி என்று பட்டப்பெயர் பெற்ற தோழன் விளையாட்டு நாட்டுக்கு அழைத்தான். மறுத்து மறுத்து ஈற்றில் வண்டியேறினான். இவற்றில் எங்கே துணிவு இருக்கிறது? இழுத்தவன் பின்னே போயிருக்கின்றான். அவ்வளவுதான். இடங்கள் மாறினமையால் எமக்கு அது சாகசமாய்த் தோன்றியது.

இங்கே எனக்கு நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் நினைவுக்கு வருகின்றது. உள்ளத்தில் நாணம் இல்லாதவர் நடமாட்டத்தை, நூற்கயிற்றால் இழுக்கப்பட்டு உயிருள்ளதுபோல் மருட்டும் மரப்பாவைக்கு வள்ளுவர் உவமித்தார். நாண் என்ற ஒரு சொல்லே வெட்கத்துக்கும் கயிற்றுக்கும் பெயராய் நிற்க, அச்சொல்லை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையைத் தமிழ் படித்தோர் அறிவர். பினோக்கியோவை அந்தக் குறளின் முன்னே நிறுத்திப் பார்த்தால் ஒரு புதுமை தெரியும். அவனுக்குக் கயிறாகிய நாண் இல்லை. கயிறில்லாமலே ஆடுகின்ற பாவை அவன். ஆனால் கண்டவர் எல்லாரும் அவனை இழுத்துவிடுகின்றனர். வெட்கமாகிய நாணமோ அவனுக்கு நிறைய உண்டு. மூக்கு நீண்டபோது எங்கே ஒளிவது என்று தெரியாமல் அறையைவிட்டு ஓடப் பார்க்கிறான். நீண்ட மூக்கு வாயிலால் நுழையவில்லை. கழுதைச் செவி முளைத்தபோது தொப்பியால் மூடுகின்றான். வள்ளுவர் கண்ட மரப்பாவைக்கு இது இல்லை. இந்த மரத்துக்குள்ளே மனிதன் முன்னமே இருக்கின்றான். பெனெதெத்தோ குரோச்சே என்ற இத்தாலியப் பேரறிஞர், பினோக்கியோ செதுக்கப்பட்ட மரம் மனித இயல்பே என்ற கருத்துப்பட எழுதியது இதனாற்போலும்.

இனி, இழுபடாமல் அவன் தானாகவே செய்தவை எவை? சில உண்டு. அவை சிறியன அல்ல. கூத்துத் தலைவனான மங்கியாஃபுவோக்கோ தன் இறைச்சி வேகுவதற்கு விறகாக இன்னொரு பாவையை அடுப்பில் இடக் கட்டளையிட்டபோது, எனக்காக அவன் சாவது நீதியன்று, என்னைக் கட்டி எறியுங்கள் என்று முன்வந்தான். திராட்சை திருடியதற்காக ஒரு கமக்காரன் அவனை இறந்துபோன காவல் நாயின் சங்கிலியிற் பூட்டினான். கோழி திருட வந்த மரநாய்கள் ஒரு கோழி தருகிறோம், சும்மா இரு என்றன. பழைய நாய் அவ்வாறே பங்கு வாங்கி வந்தது. இவன் குரைத்துக் காட்டிக்கொடுத்தான். அதன்பின் கமக்காரன் பாராட்டியபோது, இறந்த நாயின் குற்றத்தை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை. செத்தவரைச் சும்மா விடுவோம் என்று எண்ணிக்கொண்டான். இந்த ஒரு மௌனத்துக்காகவே நான் அவனை உயர்ந்தவன் என்பேன். சிறு படகொன்றிலே தந்தை அலையில் அமிழ்வதைக் கண்டபோது பாறை மேலிருந்து கடலிற் பாய்ந்தான். புத்தகச் சண்டையில் ஒரு மாணவன் அடிபட்டு விழ, மற்றவர் எல்லாம் ஓடிவிட, இவன் கைக்குட்டையை நனைத்து வைத்துக்கொண்டு அருகிலேயே இருந்து பொலிசாரிடம் அகப்பட்டான். அவனைத் துரத்திவந்த நாய் நீந்தத் தெரியாமற் கடலிலே தத்தளித்தபோது, தயங்கித் தயங்கி, ஈற்றில் வாலைப் பிடித்துக் கரையேற்றினான்.

இவை ஒவ்வொன்றும் பிறர் பொருட்டுச் செய்தவை. ஓடிப்போதலாகிய சாகசத்தில் அவன் இழுபடு பாவை. ஒருவருக்காக நிற்றலாகிய சாகசத்தில் அவன் தானே நடக்கின்றான். கதை முதிர முதிர முன்னது குறைந்து பின்னது கூடுகிறது. விளையாட்டு நாட்டுப் பயணம் இடையிலே வந்து அதனைக் குலைக்கின்றது என்பதும் உண்மையே. மனிதர் வளர்வது நேர்கோட்டில் அன்று.

வளர்ச்சியைப் பற்றியே நூலில் ஓர் உரையாடல் உண்டு. முதலிற் சிறுமியாய் இருந்த நீலக் கூந்தல் தேவதை, சில காலம் கழித்துப் பெண்ணாய் வளர்ந்து நிற்கக் காண்கிறான். எப்படி இவ்வளவு விரைவில் வளர்ந்தாய், எனக்கும் சொல்லித்தா, நான் எப்போதும் ஒரு சாண் பொம்மையாகவே இருக்கிறேன் என்று ஏக்கத்தோடு கேட்கின்றான். உன்னால் முடியாது, பாவைகள் வளர்வதில்லை, பாவையாய்ப் பிறந்து பாவையாய் வாழ்ந்து பாவையாய்ச் சாவர் என்ற பொருளில் அவள் மறுமொழி சொல்கின்றாள். வளராமையின் துயரத்தை இவ்வளவு எளிதாகச் சொன்ன இடம் வேறு நான் கண்டிலேன். என்றும் பாவையாயிருந்து விளையாடுவதே பேறு என்று பாடும் பெரியவர்கள் அந்தப் பாவையைக் கேட்கவில்லை. அவன் வளர விரும்பினான்.

முடிவுக்கு வருவோம். சுறாவின் வயிற்றுக்குள்ளே இரண்டு ஆண்டு கிடந்த தந்தையைக் காண்கிறான். கடைசி மெழுகுவர்த்தி எரிகிறது. கிழவருக்கு நீந்தத் தெரியாது. சுறாவுக்கு இழுப்பு நோய். வாயைத் திறந்தபடி உறங்கும். முதல்முறை தப்ப முயன்றபோது அது தும்மி, இருவரையும் உள்ளே எறிந்துவிட்டது. மெழுகுவர்த்தியும் அணைந்தது. மறுபடியும் எழுந்து, கிழவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடலில் இறங்கினான். இதைச் செய்தபோது அவன் பாவையே. நல்ல பிள்ளை என்ற சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை.

கரை சேர்ந்தபின் நடப்பவற்றைச் சிறுவர் பதிப்புகள் பல இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. என் கருத்தில் நூலின் நெஞ்சே அங்குதான் இருக்கிறது. நோயுற்ற தந்தைக்கு ஒரு கோப்பை பால் வேண்டும். அதற்கு விலை நூறு வாளி தண்ணீர் இறைத்தல். எம்மூர்ச் சூத்திரம் போன்ற நீர்ப்பொறி அது. முன்பு ஒரு கழுதை சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது அது கொட்டிலிற் கிடந்து சாகின்றது. போய்ப் பார்த்தால் அது விளக்குத்திரி. விளையாட்டு நாட்டுக்குக் கூடப் போன அதே தோழன்! ஒரு பிடி வைக்கோலால் பினோக்கியோ தன் கண்ணீரைத் துடைத்தான். என்னோடு படித்தவன் என்றான். கழுதைகளோடு படித்தாயோ, நன்றாய்ப் படித்திருப்பாய் என்று தோட்டக்காரர் சிரித்தார். இவன் நாணிப் போய்ப் பதில் சொல்லவில்லை. பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஐந்து மாதத்துக்கு மேலாக நாள்தோறும் விடியுமுன் எழுந்து அந்தப் பொறியைச் சுற்றினான். இரவிற் கூடை பின்னினான். முதற்பக்கமும் அட்டவணையும் கிழிந்துபோன ஒரு பழம் புத்தகத்தை வாங்கி வாசித்தான். மரக்குச்சியை எழுதுகோலாக்கி, பழச்சாற்றிலே தோய்த்து எழுதினான். புதுச் சட்டைக்கென்று சேர்த்த நாற்பது செப்புக்காசையும், தேவதை நோயுற்று வறுமையில் வாடுகின்றாள் என்று கேட்டவுடன் கொடுத்தான். அன்றிரவு எட்டுக் கூடைக்குப் பதிலாகப் பதினாறு பின்னினான். அந்த உறக்கத்திலேதான் மனிதனானான்.

ஆகையால், வளர்ந்தபின் துணிகரம் இருக்குமா என்ற கேள்விக்கு என் விடை: வளர்ச்சியே அந்தத் துணிகரத்தால் வந்தது. தோழனின் சாவைக் கண்டும் மறுநாள் அதே பொறியைச் சுற்றப் போவதற்கு வேண்டிய நெஞ்சு, பொற்காசு காய்க்கும் வயலைத் தேடிப் போவதற்கு வேண்டியதில்லை. இது சிறுவனாகிய கணத்தில் மறைந்துவிடும் என்று எண்ண இடமில்லை.

ஆயினும் எதிர்வழக்காடுவோருக்கு ஒன்றை விட்டுக்கொடுப்பேன். நாற்காலியிற் கிடக்கும் பாவையைப் பார்த்து அவன் சிரிப்பது எனக்கும் உவப்பாயில்லை. கடலிற் பாய்ந்ததும் அந்த மரம்தான். தந்தையைச் சுமந்ததும் அந்த மரம்தான். சிரிக்காமல் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம். கொலோடி அங்கே களைத்துப் போனார் என்றும் சொல்லலாம். பாடநூல் செய்தவர் நையாண்டிக்காரரை ஒரு கணம் ஒதுக்கிவிட்டார் என்றும் சொல்லலாம். பள்ளிக்கூடங்கள் இந்தக் கடைசிப் பக்கத்தையே பிடித்துக்கொண்டமைதான் என் மனக்குறை. கேள்வி கேட்ட பிள்ளை, வகுப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, உபாத்தியாயருக்கு எதிர்மொழி சொன்ன பிள்ளை ஆகியோரை விரைவில் நாற்காலியிற் சாய்த்துவிட்டு, நன்றாய்த் திருந்திவிட்டான் என்று பெற்றோருக்கு எழுதுகின்றோம். பரீட்சைப் பெறுபேறும் வருகின்றது. பத்தாண்டு கழித்து அவன் பொது வாழ்வில் ஒரு நீதிக்கும் எழுந்து நில்லாமற் போகும்போது, இளைஞரிடம் துணிவில்லை என்று இதே பக்கங்களிற் கட்டுரை எழுதுகின்றோம். நூறு வாளி தண்ணீர் இறைக்கும் பகுதியைக் கற்பியாமல் கடைசி வரியை மட்டும் கற்பித்தால் வேறென்ன நடக்கும்?

எங்கள் கல்லூரியில் மேல்வகுப்பு மாணவர் சிலருக்கு இக்கதையைச் சொன்னபோது, பிறகு என்ன நடந்தது ஐயா என்று ஒருவன் கேட்டான். அந்தப் பிறகு இன்னும் எழுதப்படாமலே கிடக்கின்றது. கூவர் கிழப்பருவத்தை எழுதினார். மற்றவர் பாவைப் பருவத்துக்கு மீண்டனர். இடையிலுள்ள முழு வாழ்க்கையும் வெறுமையாய் இருக்கின்றது. கதை கட்டும் ஆர்வமுள்ள இளைஞர் எவரேனும் முயலட்டும். சரக்கெல்லாம் கொலோடியே வைத்துப் போயிருக்கின்றார். அடுத்த அறையிலே தந்தை குணமாகி மரஞ்செதுக்குகின்றார். தேவதை திருப்பிக் கொடுத்த நாற்பது காசும் பொற்காசாய்ப் பணப்பையில் இருக்கின்றது. நரியும் பூனையும் பிச்சைக்காரராய்த் தெருவில் அலைகின்றனர். தலைப்புப் பக்கமில்லாத அந்தப் பழைய புத்தகமும் ஒரு மூலையில் இருக்கும். காலையாகிறது, கையில் இழுக்கக் கயிறு வைத்திருப்பவர் ஒருவரும் வாசலில் இல்லை.